‘புலம்பெயர்’ என்பதில் புலம்பல் இல்லை

ஒருவர், ‘புலம்பெயர்’ என்பது ‘புலம்பு’ என்பதிலிருந்து வந்தது, ஊரை விட்டவர் புலம்புவதால் அந்தப் பெயர், இலங்கையில் 1983இல் நடந்த கலவரத்துக்குப் பிறகுதான் உருவானது என்கிறார். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் சரியில்லை.

பிரிக்க வேண்டியது புலம் + பெயர் என்று. புலம் என்றால் நிலம், இடம். குறளில் வரும் ‘தென்புலத்தா’ரில் உள்ள அதே புலம். ‘பெயர்’ இங்கே வினை. சுவரில் காரை பெயர்ந்து விழுகிறது என்கிறோமே, அதுதான். (‘மொழிபெயர்ப்பு’ம் இந்த வினையில் பிறந்ததே.)

வயதும் தவறு. சங்க நூலான பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை வர்ணிக்கும்போது ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்’ என்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே கலந்து இனிதாக வாழ்ந்தார்களாம். வேடிக்கை என்னவென்றால், அந்த வரியில் புலம்பெயர்ந்தவர்கள் நாம் இல்லை, நம் துறைமுகத்துக்கு வந்த வெளியார்!

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் டொராண்டோவும் பாரிஸும் நினைவுக்கு வருகின்றன என்றால், அதற்குக் காரணம் 1983 கலவரத்துக்குப் பின் வெளியேறிய ஈழத்தமிழர்களும் அவர்களுடைய எழுத்தும்தான். சொல் பழையது, இந்தப் பாரம் புதியது.