தொடரிணைப்பில் 40 வாட் பல்புதான் பிரகாசம்

100 வாட், 40 வாட் இழை பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்பாதையில், மாட்டினால் 100 வாட்தான் கூடுதலாக ஒளிரும் என்று ஒரு விடை சுற்றுகிறது. மன்னிக்கவும், நடப்பது நேர்மாறு. பல்பில் அச்சிட்டிருக்கும் வாட், 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டுமே பொருந்தும். தொடரில் மின்னோட்டம் ஒன்றே. தடை (மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை, அலகு ஓம்) அதிகமுள்ள பல்புதான் கூடுதல் திறன் எடுக்கும். 230-ஐ வர்க்கப்படுத்தி வாட்டால் வகுத்துப் பாருங்கள், தடை கிடைக்கும்: 40 வாட்டுக்கு 1322.5 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். தொடரில் இரண்டும் 230 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்வதால், அந்தக் கணக்கில் 40 வாட் பல்புக்குக் கிடைப்பது சுமார் 20 வாட், 100 வாட் பல்புக்கு 8. நிஜத்தில் இடைவெளி இன்னும் பெரிது; சரியாகச் சூடேறாத டங்ஸ்டன் இழையின் தடை இறங்கிவிடும், 100 வாட் பல்பு செந்தணல்போல மங்கிக் கிடக்கும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மாட்டிப் பார்க்கலாம். எல்.இ.டி. பல்புகளை எடுத்துப்போகாதீர்கள், அவற்றில் இந்தக் கணக்கு செல்லாது.