கறிவேப்பிலைக்கு காசு குடுங்க, கல்லுப்புக்கு வேணாம்

போன மாசம் தண்டையார்பேட்டைல எங்க வீட்டாண்ட ஒரு ஆர்கானிக் கடை தொறந்தாங்க. பாப்பாவுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது, இனிமே எல்லாமே இங்கதான்னு முடிவு பண்ணி பை நிறைய வாங்கிட்டு வந்தேன், பில்லு 2,300 ரூவா. வீட்டுக்கு வந்து கொட்டினா வெங்காயம், தேங்கா, வாழைப்பழம், அப்புறம் கல்லுப்பு, அதுலயும் ஆர்கானிக்னு பச்சை எழுத்து. அம்மா அத கையில எடுத்துப் பாத்துட்டு "உப்பளத்துல காயிற உப்புக்கு எவன்டி பூச்சி மருந்து அடிக்கிறான்"னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

நம்மள மாதிரி மாச சம்பளத்துல ஓடுற வீட்ல எல்லாத்தையும் ஆர்கானிக்கா வாங்க முடியாது, வாங்கவும் வேணாம். தேங்காயோட மட்டையும் ஓடும் போயிடுது, வாழைப்பழம் தோல் உரிச்சுத்தான் திங்கிறோம், வெங்காயமும் அப்படித்தான். இதுக்கெல்லாம் ரெண்டு மடங்கு காசு குடுக்குறத நான் நிறுத்திட்டேன்.

நான் பயப்படுறது கறிவேப்பிலைக்குத்தான். 2015ல கேரளாக்காரங்க தமிழ்நாட்டுக் காய்கறில மருந்து இருக்குன்னு பெரிய பிரச்சனை பண்ணப்போ கறிவேப்பிலை பேரும் அடிபட்டுச்சு. அது முழுக்க இலை, உரிக்கத் தோல் கிடையாது, அடிக்கிற மருந்து அப்படியே இலை மேல உக்காருது, நாம அத கிள்ளி நேரா எண்ணெயில போடுறோம், ரசத்துல மெதக்குறத ஒதுக்கி வெச்சாலும் சாறு எறங்கிடுது இல்ல? மாடில பழைய பெயிண்ட் பக்கெட்ல ஒரு செடி வெச்சிருக்கேன், கொழுந்து சுருண்டா புளிச்ச மோரைத் தண்ணில கலந்து தெளிப்பேன், ஒரு வீட்டுத் தாளிப்புக்கு அந்த ஒரு செடி போதும்.

அடுத்தது கொத்தமல்லி, கீரை, காலிஃப்ளவர், திராட்சை. தோலோட, இலையோட அப்படியே உள்ள போறதுங்க. திராட்சை மேல இருக்குற வெள்ளையெல்லாம் மருந்துன்னு சொல்றது தப்பு, பழத்துக்கே இயற்கையா ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, ஆனா திராட்சைத் தோட்டத்துல மருந்து நெறைய அடிக்கிறது உண்மைதான். காலிஃப்ளவர உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீர்ல போட்டா புழு மெதந்து வந்துடும், மேலாப்புல இருக்குற மருந்தும் கொஞ்சம் போகும், ஆனா இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்து செடிக்குள்ளயே ஊடுருவிடும், அத எத்தனை தடவ கழுவினாலும் எடுக்க முடியாது. அதனாலதான் கறிவேப்பிலைக்கும் இந்த நாலுக்கும் மட்டும் காசு செலவு பண்ணலாம்னு சொல்றேன்.

ஒண்ணு முக்கியம், போர்டுல ஆர்கானிக்னு எழுதியிருந்தா மட்டும் நம்பாதீங்க. 2017ல வந்த விதிப்படி கடையில விக்கிற ஆர்கானிக் பாக்கெட்ல அரசாங்கத்தோட ஆர்கானிக் லோகோ இருக்கணும். நான் வாங்கிட்டு வந்த பாக்கெட் ஒண்ணுல கூட அது இல்ல, அடுத்த நாள் போய் கேட்டதுக்கு "எங்க தோட்டத்து சரக்குக்கா"ன்னாங்க. சின்ன விவசாயி தன் வெளைச்சல தானே நேரா வித்தா லோகோ கட்டாயம் இல்லதான், ஆனா பாக்கெட் பின்னாடி வேற யாரோ கம்பெனி பேரு இருக்கே! ஏமாந்தது காசு மட்டும்னா விட்டுடலாம், கொழந்தைக்கு நல்லதுன்னு நம்பி வாங்குறோம்.

காசிமேட்டு கடல் மீனுக்கு இந்தக் கணக்கே வராது, கடலுக்கு யாரு உரம் போட்டா, செவுள் செவப்பா இருக்கான்னு பாத்து வாங்குங்க.

மாதவரம், செங்குன்றம் பக்கம் மருந்து அடிக்காம கீரை போடுறவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, எங்க மாடி வீடு, கீழ் வீடு, எதிர் வீடு மூணும் சேர்ந்து வாரத்துக்கு ரெண்டு தடவ வாங்கிக்கிறோம்.