மறைவில் இராத்தங்குதல்

கொரோனா காலத்தில் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றிய வசனம் ஒன்று உண்டு. "வாதை உன் கூடாரத்தை அணுகாது." வேதாகமப் பாடல்களில் ஒன்றான 91ஆம் சங்கீதம், 10ஆம் வசனம். நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். அந்த மாதமே வாதை எங்கள் கூடாரத்துக்குள் வந்தது. அம்மா போய்விட்டாள்.

ரொம்ப நாள் வேதாகமத்தைத் தொடவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், விசுவாசத்தில் ஏதோ குறை இருந்திருக்கும் என்கிற மாதிரிப் பேசினார். அது இன்னும் எரிகிறது. (இழவு வீட்டுக்குப் போனால் தயவுசெய்து சும்மா உட்கார்ந்திருங்கள்.)

திரும்ப அந்தச் சங்கீதத்துக்கு என்னை இழுத்து வந்தது பிசாசுதான். சிரிக்காதீர்கள். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசுவை தேவாலயத்து உப்பரிகைமேல் நிறுத்தி, குதிக்கச் சொல்கிறானே, அங்கே அவன் ஆதாரமாகக் காட்டுவது இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத்தான். தூதர்கள் தாங்குவார்கள், காலில் கல் இடறாது, அதனால் குதி. இயேசு குதிக்கவில்லை. வசனத்தை இன்சூரன்ஸ் பத்திரம் மாதிரி நீட்டி, "எழுதியிருக்கிறதே, கொடு" என்று கேட்கும் வாசிப்பு யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது. நான் பத்துப் பேருக்கு அனுப்பியதும் அதே வாசிப்பைத்தான்.

அப்புறம் முதல் வசனத்திலேயே பல மாதம் நின்றேன். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்." 'தங்குவான்' என்ற இடத்தில் எபிரெய மூலத்தில் வரும் வினைக்கு இராத்தங்குதல் என்று பொருள். இருட்டிவிட்டது, வழிப்போக்கன் ஓரிடத்தில் முடங்கிப் படுக்கிறான். விடிந்துவிடும் என்று அந்தச் சொல்லில் எந்த வாக்கும் இல்லை. படுக்க இடம் இருக்கிறது, அவ்வளவுதான். பழைய கிறிஸ்தவத் துறவி பெனடிக்ட் மடங்களுக்கு எழுதிவைத்த ஒழுங்கில், துறவிகள் தினமும் படுக்கப் போகுமுன் இதைப் பாடவேண்டும் என்று இருப்பது எனக்கு வியப்பாக இல்லை. இது இரவுக்கான பாட்டு.

அந்த 'மறைவு' எங்கே இருக்கிறது? ஞானிகள் உள்ளே கைகாட்டுகிறார்கள். நம் தமிழிலோ வேதத்துக்கே மறை என்றுதான் பெயர்; எழுத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதைத் தேடு என்று சொல்லே சொல்லிவிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்டு இந்தச் சங்கீதத்துக்கு 17 பிரசங்கம் எழுதினார். வசனமே 16தான்! அந்தப் பதினாறில் 15ஆம் வசனம்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." கவனியுங்கள், ஆபத்தில். அது வராமல் தடுப்பதைப் பற்றிய பேச்சே அந்தச் சொல்லில் இல்லை.

இப்போதும் நடுராத்திரி போன் அடித்தால் கை நடுங்குகிறது. நடுக்கத்தோடு எடுப்பேன். ஆனால் அந்த நடுக்கத்துக்கும் கீழே ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முன்பு அது இல்லை. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை, பாதுகாப்பு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

ஏழாம் வசனத்தை மட்டும் இன்னமும் தாண்டித்தான் போகிறேன். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும்" விழுவார்களாமே. அந்த ஆயிரத்தில் ஒருத்தி என் அம்மா.