98 காட்டினால் களைப்பு வரக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் நடந்ததைப் பற்றி மூன்று நாளாக எழுதாமல் இருந்தேன். காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். பேசினவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த அக்காவை முன்னுக்குக் கூப்பிட்டு, விரலில் ஒட்சிசன் பார்க்கிற கருவியை மாட்டி, "98 காட்டுது. ஒட்சிசன் நிறைய இருக்கு. இது களைப்பில்லையம்மா, பஞ்சி" என்று, வெறும் சோம்பல் என்று, ஒலிவாங்கியில் சொன்னாரே, அது பிழை. சிறுநீரகம் செயலிழந்து, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருகிற ஒரு மனுசியிடம் சொல்லக்கூடாத பிழை.

98 என்பது உடம்பில் இருக்கிற ஒட்சிசனின் அளவு அல்ல. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு அந்தக் கருவியை வாங்கி வைத்தோம், அது எதை அளக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஏ9 வீதியில் பத்து பஸ் ஓட வேண்டும், ஐந்துதான் ஓடுகிறது என்று வையுங்கள். ஓடுகிற ஐந்திலும் ஆசனம் நிறைய ஆட்கள். கருவி பார்ப்பது ஆசனத்தை. எத்தனை பஸ் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. பஸ் என்றது செங்குழியத்துக்குள் இருந்து ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின், ஆட்கள் என்றது ஒட்சிசன். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் 14 கிராம் இருக்கிறவருக்கும் 98 காட்டும், 7 இருக்கிறவருக்கும் 98 காட்டும். ஒரு கிராம் ஈமோகுளோபின் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசன். அப்படியென்றால் முதலாமவரின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 18 மில்லிலீற்றருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், மற்றவரிடம் 9. அந்த அரைவாசியை வைத்துக்கொண்டுதான் அந்த அக்கா தண்ணீர் அள்ளுகிறார், சமைக்கிறார், விடிய முதல் பஸ் ஏறுகிறார்.

சரி, அவருக்கு ஏன் ஈமோகுளோபின் குறைந்தது? அதற்கும் பேச்சாளர் சாப்பாட்டையும் பஞ்சியையும்தான் சொன்னார். நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

ஒட்சிசன் குறைவதை உணர்கிற ஏற்பாடு எங்கள் கலங்களுக்குள்ளேயே இருக்கிறது. எச்.ஐ.எஃப் என்று ஒரு புரதக் கூட்டம். கலம் அதை ஓயாமல் ஆக்குகிறது, ஆக்கின கையோடு அழிக்கவும் செய்கிறது. ஒட்சிசன் போதுமான அளவு இருந்தால் ஒரு நொதியம் அதே ஒட்சிசனை எடுத்து அந்தப் புரதத்தில் அடையாளம் வைக்கும். அடையாளம் விழுந்த புரதம் சில நிமிடங்களில் சிதைக்கப்படும். ஒட்சிசன் குறைந்தால் அந்த நொதியத்தால் அடையாளம் வைக்க முடியாது. புரதம் தப்பிக் கலத்தின் கருவுக்குள் போய், தேவையான பரம்பரையலகுகளை இயக்கிவிடும். ஆக்கி ஆக்கி அழிப்பது வீண் வேலைபோலத் தெரியும். 2008இல், போர் நேரம், எங்கள் வீட்டுக் கதவடியில் எந்த நேரமும் ஒரு பை கட்டியபடி இருந்தது. நேரம் வந்தபிறகு பை கட்ட முடியாது என்பது வன்னிச் சனத்துக்கு விளங்கும். கலத்துக்கும் அதே அவசரம்தான்.

சிறுநீரகத்தில் உள்ள சில கலங்களில் இது நடக்கும்போது எரித்ரோபொயட்டின் என்ற ஓமோன் உண்டாகிறது. அது இரத்தத்தோடு என்புமச்சைக்குப் போய் "செங்குழியம் காணாது, இன்னும் ஆக்கு" என்று சொல்லும். சிறுநீரகம் தழும்பாகிப் போனால் அந்தச் செய்தி போதிய அளவு போகாது. என்புமச்சை வேலை செய்யத் தயாராகத்தான் இருக்கிறது, சொல்லிவிட ஆளில்லை. அக்காவுக்கு இரத்தம் குறைந்ததற்கு முதற் காரணம் இதுதான், பஞ்சி இல்லை. இந்த உணரும் முறையைக் கண்டுபிடித்ததற்குத்தான் வில்லியம் கேலின், பீற்றர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ராட்கிளிஃப் ஒரு சிறுநீரக வைத்தியர். அடையாளம் வைக்கிற அந்த நொதியத்தைத் தடுத்து, உடம்பையே ஓமோன் ஆக்க வைக்கிற குளிசைகூட வந்துவிட்டது. அப்படி ஒன்றுக்கு 2023இல் அமெரிக்காவில் சுத்திகரிப்பு நோயாளிகளுக்காக அனுமதி கிடைத்தது. உலகம் அங்கே நிற்கிறது. எங்கள் மண்டபத்தில் பஞ்சி என்கிறார்கள்.

நான் இவ்வளவு கொதிப்பதற்குக் காரணம் அப்பா. முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறும்போது ஒருநாள் பாதியில் குந்திவிட்டார். ஐம்பது வயதுவரை மண்வெட்டியோடு திரிந்த மனிசன். "என்னப்பா, இந்தத் தூரத்துக்கே இருக்கிறியள்? பஞ்சிப்படாதேங்கோ" என்று நான்தான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழும்பி நடந்தார். இரண்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஈமோகுளோபின் 6.8. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. அப்பா 2017இல் போய்விட்டார். அந்தச் சொல் மட்டும் எனக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையே இன்னொருவர் வாயால் கேட்டேன்.

"அவர் நல்ல மனதோடதானே சொன்னவர்" என்று உள்பெட்டியில் நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். நானும் அப்பாவுக்கு நல்ல மனதோடதான் சொன்னேன்.

"இரத்தத்துக்கு இரும்பு வேணும்தானே, கீரை சாப்பிடச் சொன்னதில் என்ன பிழை?" இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. இரும்பு வேண்டும். சிறுநீரக நோயாளிக்கும் இரும்பு குறையும், அதனால்தான் கிளினிக்கில் அதையும் சோதித்து, தேவையென்றால் நாளம் வழியாக ஏற்றுகிறார்கள். ஆனால் செய்தி போகாத இடத்தில் இரும்பை மட்டும் குவித்து என்ன பயன்? அதோடு அவர் கீரையோடு நிற்கவில்லையே. தினமும் இளநீரும் வாழைப்பழமும் என்றார். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரண்டிலும் உள்ள பொற்றாசியம் வெளியேறாமல் தேங்கும். கூடினால் இதயத் துடிப்பே குழம்பும், நின்றும் போகும். மரக்கறியைக்கூட அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கச் சொல்கிறார்கள் சிறுநீரக நோயாளி இருக்கிற வீடுகளுக்கு. யாராவது ஒரு அம்மா அந்தக் காணொளியை நம்பி மகனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தால் யார் பொறுப்பு?

"நீங்கள் என்ன டொக்டரா?" இல்லை. அவரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதேங்கோ. வன்னிச் சனம் பஞ்சி பிடித்ததுகள் என்ற கதை ஞாயிற்றுக்கிழமை தொடங்கினது இல்லை. மீள்குடியேறி வந்து தறப்பாளுக்குள் இருந்தபோதே வெளியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். நிவாரணத்துக்குப் பழகிவிட்டார்களாம். காடு வெட்டிக் கழனியாக்கின சனத்தின் பிள்ளைகள் நாங்கள். இடுப்பு முறிய நாற்று நட்ட மனுசிகளில் எத்தனை பேர் இப்போது கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் இத்தனை காலமாக இருக்கிறது. தண்ணீரா, வெக்கையா, வயலுக்கு அடிக்கிற மருந்தா என்று ஆராய்ச்சிக்காரரே இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. அதற்குள் நாங்கள் அவர்களின் குணத்தைத் தீர்மானித்துவிட்டோம்.

காணொளியை இன்னொரு தரம் பாருங்கள். "பஞ்சி" என்றதும் எல்லாரும் சிரிக்கிறீர்கள். அக்கா விரலை இழுத்து, ஊசி ஏற்றி ஏற்றி நாளம் புடைத்த அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைக்கிறார்.

மண்டப நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் தாருங்கள். ஒரு கரும்பலகை போதும், வெண்கட்டி நான் கொண்டு வருவேன். அந்த அக்காவை முன்னுக்கு மட்டும் கூப்பிடாதேங்கோ.