பாதை நின்ற நேரத்தில்தான் கிண்ணியா பஸ்ஸும் இன்னும் நிற்கிறது

நேற்றிரவு ஏழே முக்காலுக்குத் திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எங்கள் ஊர் கிண்ணியாவுக்குப் போக பஸ் இல்லை. "கடைசி பஸ் போயிட்டு நானா" என்றார் பெட்டிக்கடைக்காரத் தம்பி. என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர். புடவைக்கடையில் நிற்கும் மூன்று பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் மகனைப் பார்த்துவிட்டு வந்த ஒரு வயசான உம்மா, கிளாஸ் முடிந்த பொடியன்கள். கடைப் பிள்ளைகளில் ஒன்று போனில் சொல்லிக்கொண்டிருந்தது: "உம்மா, பஸ் போயிட்டு. ஆட்டோவுக்கு ஆள் சேருது. வாப்பாவப் பாலத்தடிக்கு வரச் சொல்லுங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஏனென்றால் என் வாப்பாவும் இப்படித்தான் டோர்ச் லைட்டோடு எனக்காகக் காத்து நின்றார். ஆனால் அது பாலத்தடி இல்லை, துறையடி. அப்போது பாலமே இல்லை.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாதை என்றால் றோட்டு இல்லை, ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகத் தண்ணீரில் மிதப்பது. தொண்ணூறுகளில் உயர்தரம் படிக்கத் திருகோணமலை டவுனுக்குப் போய்வந்தவன் நான். காலை ஐந்தரைக்கு வீட்டில் இறங்கினால்தான் சரி. துறையடியில் பாதை அக்கரையில் நின்றால் அது வரும்வரை நிற்க வேண்டும். ஏறி, சைக்கிளுக்கும் மீன்பெட்டிக்கும் நடுவில் நின்று, வெள்ளைமணல் பக்கம் இறங்கி, பஸ்ஸுக்கு ஓட வேண்டும். ஓடுகிறவனுக்குத்தான் சீட். உம்மாமார் ஓட மாட்டார்கள், ஆனால் அவர்களுடைய தயிர்ச்சட்டி அவர்களுக்கு முன்னால் சீட்டில் இருக்கும். யாராவது ஒரு பொடியன் யன்னலால் வாங்கி வைத்திருப்பான். நானும் எத்தனையோ நாள் வைத்திருக்கிறேன். நோன்பு கிட்டினால் சட்டிகள் கூடும். பாலைப்பழக் காலம் வந்தால் பஸ் முழுக்க அந்தப் பிசுபிசுப்பும் வாசமும்தான், புத்தகத்திலும் ஒட்டும்.

அப்புறம் சீனக்குடா சோதனைச் சாவடி. அங்கே எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து, பஸ் சோதனை முடிந்து வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். தயிர்ச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். பரீட்சை நாளிலும் அதே வரிசைதான். அங்கே நிற்கும்போதுதான் ஒரு பெரியவர் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் எண்ணெய்த் தாங்கிகளின் கதையைச் சொல்வார். வெள்ளைக்காரன் கட்டியவற்றில் 99 இன்னும் நிற்பதையும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதையும், ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே போய் விழுந்து எரிந்ததையும். அவர் வாயால் கேட்ட சரித்திரம் எனக்கு வகுப்பில் படித்ததைவிட நன்றாக நினைவிருக்கிறது.

பொழுதுபட்டால் எல்லாம் மாறிவிடும். யுத்த காலத்து இரவில் பாதையை நம்ப முடியாது. அதனால் டவுனிலிருந்து கடைசி பஸ்ஸும் நேரத்தோடேயே வெளிக்கிட்டுவிடும். அதைத் தவறவிட்டால் டவுனில் யார் வீட்டிலாவது தங்க வேண்டியதுதான். என் தம்பி பிறந்த இரவு உம்மாவைத் துறையடியில் வைத்துக்கொண்டு வாப்பா விடியும்வரை அக்கரையைப் பார்த்து நின்றார். தம்பி துறையடியிலேயே பிறந்தான். உம்மாவும் பிள்ளையும் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. தப்பாத வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு.

2009 ஒக்டோபர் 20ஆம் திகதி பாலம் திறந்தார்கள். சவூதி நிதியுதவியில் கட்டிய 396 மீற்றர் பாலம். அன்றைக்கு நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். ஊரே நடந்து போய்ப் பார்த்தது. என் உம்மா பாலத்தின் நடுவில் நின்று தம்பகாமப் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்து அழுதார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பாலத்துக்குப் பிறகு பஸ் நேரே கிண்ணியாவுக்குள் வந்தது. நனைகிற பயம் இல்லை, ஓட்டம் இல்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாதைக்காக வைத்த நேரத்தை யாரும் மாற்றவில்லை. பொழுதுபட்டால் பாதை இல்லை என்பதால் கடைசி பஸ் அப்போதே போனது. இப்போது பாதையும் இல்லை, சோதனைச் சாவடியும் இல்லை, ஊரடங்கும் இல்லை. பிறகு எதற்காகக் கடைசி பஸ் அவ்வளவு நேரத்தோடு போக வேண்டும்?

"இரவைக்குச் சனம் இல்லை" என்று ஒரு பதில் சொல்கிறார்கள். சனம் இருக்கிறது, ஆட்டோவுக்குள் இருக்கிறது. மூன்று பேர் ஏறுவதில் ஐந்து பேர் ஏறிப் போகிறார்கள். புடவைக்கடைப் பிள்ளைக்கு அன்றைய சம்பளத்தில் பெரிய பங்கு அந்த ஆட்டோவுக்கே போய்விடுகிறது. இரண்டு பிள்ளைகள் வேலையை விட்டதே இதனால்தான், எனக்குத் தெரியும். பஸ் கட்டணம் ஏறியதையும் சனம் தாங்கியது. 2022 மார்ச்சில் 20 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த கட்டணம் அதே வருசம் யூலையில் 40 ரூபா. அப்போதும் பஸ்ஸில்தான் போனோம். கட்டணம் ஒருநாளும் எங்கள் முறைப்பாடு இல்லை. பஸ் இல்லாததுதான்.

சீசன் டிக்கெட்டில் போகும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் பஸ் நிறுத்தாமல் போகிற கதையும் இருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சில பேர் கேட்கலாம், ஒரு பஸ்ஸுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பாதை கவிழ்ந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அங்கே பாலம் முடியும்வரை அதில்தான் போக வேண்டும் என்று இருந்தது, போனார்கள். இல்லாததைப் பழகிக்கொண்டு போகிற சனம் நாங்கள். அந்தப் பழக்கம் பிள்ளைகளைத் தின்றதைப் பார்த்த பிறகும் எப்படிப் பேசாமல் இருப்பது?

ஏழரைக்கு ஒரு பஸ், எட்டரைக்கு ஒரு பஸ். அரசாங்க பஸ்ஸான இ.போ.ச. விட்டாலும் சரி, தனியார் விட்டாலும் சரி. வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நாங்கள் சில பேர் கையெழுத்து எடுக்கப் போகிறோம். வெறும் கையெழுத்து காணாது. டவுனில் வேலை செய்கிறவர்கள், படிக்கிறவர்கள் இந்த மாதம் எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு ஸ்டாண்டில் நின்றீர்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். பெண் பிள்ளைகள் வீட்டு ஆட்களிடம் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் எனக்கு இன்பொக்ஸில் போடுங்கள். நேற்று என்னோடு நின்ற அந்த மூன்று பிள்ளைகளுடையதையும் நானே எழுதிவிட்டேன்.