ஊஃபரைத் திட்டுறதுக்கு முன்னாடி பெட்டியை அளந்து பாருங்க

தங்கச்சிமடத்துத் தம்பியோட ஊஃபர், அதாவது பேஸ் சத்தம் போடுற பெரிய ஸ்பீக்கர், கிழிஞ்ச வீடியோவை நேத்து எல்லாரும் பார்த்துட்டீங்க. கமெண்ட் பூரா கம்பெனிக்குத்தான் திட்டு. பெட்டியைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கலை.

அந்த 12 இஞ்ச் ஊஃபரோட கம்பெனி கொடுக்கிற அளவுக் காகிதத்தை நான் படிச்சிருக்கேன். போர்ட், அதாவது காத்து போய்வர்ற குழாய், வச்ச பெட்டின்னா 2 கன அடி, 35 ஹெர்ட்ஸ் ட்யூனிங்னு தெளிவா இருக்கு. ட்யூனிங்னா போர்ட்டுல உள்ள காத்து ஒத்து அதிர்ற சுருதி. தம்பி வாங்குன ரெடிமேட் பெட்டி அதுல பாதிகூட இல்ல, போர்ட்டும் குட்டை. ட்யூனிங் மேல ஏறிடும். அதுக்குக் கீழ உள்ள பேஸ் வரும்போது உள்ள இருக்கிற காத்து கோனை, அதாவது ஊஃபர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பை, பிடிக்காது. கடிவாளம் இல்லாத குதிரை மாதிரி ஓடும், கிழியும். மூடுன பெட்டியா இருந்தா காத்தே ஸ்பிரிங்கா நின்னு தாங்கியிருக்கும். சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

"ஆயிரம் வாட்ஸ் போட்டிருக்கே"ங்கிறீங்க. அட்டையில கொட்டை எழுத்துல இருக்கிறது உச்சபட்சக் கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்குற வாட்ஸ், எவ்வளவுன்னு பாருங்க. வாட்ஸை ரெண்டு மடங்காக்குனாலும் சத்தம் கூடுறது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். பெட்டி சரியா அமைஞ்சா அதைவிடக் கூடக் கிடைக்கும்.

"உன் வியாபாரத்துக்குப் பேசுற"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். ஆமாண்ணே, பெட்டி அடிச்சுத்தான் சோறு திங்கிறேன். அதுக்காக நான் சொல்ற அளவு பொய்யாயிடுமா? ரெடிமேட் பெட்டி சில ஊஃபருக்குப் பொருந்தும், இல்லைங்கலை. பொருந்துதான்னு அளந்துட்டு வாங்குங்க.

எங்கப்பா பாம்பன்ல வள்ளம் கட்டுனவர். பலகை இடுக்குல பஞ்சைத் திணிச்சு, குங்கிலியம் பூசி, கலப்பத்துப் பார்ப்பார். அரைநாள் ஒரே இடுக்குல உக்காந்திருப்பார். கடலுக்குப் போறவன் உயிரு இந்த இடுக்குலதான் இருக்குன்னு சொல்லுவார். நான் பெட்டி மூலைக்குப் பசை வைக்கிறப்போ அந்தக் கைதான் ஞாபகம் வரும். மூடுன பெட்டியில மயிரிழை இடைவெளி விட்டாலும் காத்து சீறும். இந்த உப்புக்காத்துக்கு சாதா எம்டிஎஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை, ஊதிப்போகும்னுதான் 18 எம்எம் மரைன் ப்ளைவுட் போடுறேன். ஒரு பெட்டிக்கு நான் ஏழாயிரம் கேக்குறது அதுக்குத்தான்.

போன மாசம் அந்தத் தம்பி மண்டபம் ஊர்ல இருக்கிற என்கிட்ட வந்தான். அளவெடுத்து, காகிதத்துல வரைஞ்சும் கொடுத்தேன். "மண்டபத்துல கொள்ளையடிக்கிறான், போகாத"ன்னு அவனைத் தடுத்தது இதே கமெண்ட்ல இருக்கிறவங்கதான். இருபது வருசமா இழைப்புளி பிடிச்ச கைய்யா இது. கொள்ளைன்னு சொல்லிட்டீங்களே.

தம்பி, காகிதம் உன்கிட்ட இருந்தா வேற எந்த ஆசாரிகிட்டயாவது கொடுத்து அடிச்சுக்க. இல்லைன்னா சொல்லு, திரும்ப வரைஞ்சு தர்றேன். காசு வேணாம்.