ஏரியைப் பார்க்கப் போகிறோமா, ஏரிக்கரையில் இருக்கப் போகிறோமா?

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் கங்காப்பூர் அணை ஏரிக்கு விடுமுறைக்குப் போகலாம் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், நடுவில் கோதாவரியின் தண்ணீர். மறுநாளே தம்பி ஒரு பட்டியல் போட்டு அனுப்பிவிட்டான். முதல் நாள் பஞ்சவடி, திரியம்பகேசுவரர், பாண்டவலேணிக் குகைகள். இரண்டாம் நாள் ஷீரடி. மூன்றாம் நாள் எல்லோரா. திரும்பும் வழியில் மும்பை. ஏரிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தான். புறப்படுவது மே மாதம்.

எனக்குக் கோபம் வந்தது. அதை அவனிடம் சொல்லியும் ஆயிற்று. இப்போது பொதுவிலும் எழுதுகிறேன், ஏனென்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஊர் சுற்றுகிறோம்.

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறேன். பன்னிரண்டு வருடமாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் வந்து பையை வைப்பார்கள். ஆரோவில், சுண்ணாம்பாறு படகு, காந்தி சிலை முன்னால் படம், இரவு பாட்டில். ஞாயிறு மதியம் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் தூக்கம்தான் மிச்சம் இருக்கும். "புதுச்சேரி இவ்வளவுதானா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அப்படிக் கேட்கும்போது வலிக்கிறது. அதே கேள்வியை இன்னொருவர் ஊரில் போய்க் கேட்கிறவர்களாக நாம் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

நாசிக் ஆசையே ஒரு விருந்தினர் குடும்பத்தால் வந்ததுதான். நாசிக் மாவட்டத்தில் நிபாட் பக்கத்துத் திராட்சை விவசாயிகள். ஐந்து நாள் ஒரே அறையில் தங்கினார்கள். தினமும் அதே டீக்கடை, அதே கடற்கரைக் கல். மூன்றாம் நாளே மீன்கார அம்மாவிடம் மராட்டியில் பேரம் பேசும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். வரும்போது ஒரு அட்டைப்பெட்டியில் பச்சைத் திராட்சை கொண்டுவந்திருந்தார்கள். நான் உடனே குழாயடிக்கு எடுத்துப் போனேன். அந்த வீட்டு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பழங்களின் மேல் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய படலம் இருந்தது. மருந்து என்று நினைத்திருந்தேன். அது பழம் தானே போர்த்திக்கொள்ளும் மெழுகாம். பழத்தில் கை படாமல், காம்பைப் பிடித்துப் பறித்த குலையில்தான் அது அழியாமல் இருக்குமாம். சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான் கழுவ வேண்டும் என்றார். என் விரல் பட்ட ஒரே ஒரு பழம் மட்டும் சாம்பல் கலைந்து பளபளவென்று பச்சையாகத் தெரிந்தது. எத்தனை கைகள் எத்தனை கவனமாக இருந்து அந்தப் பெட்டி புதுச்சேரி வந்து சேர்ந்திருக்கிறது!

அவர்கள் சொல்லித்தான் மாதக் கணக்கும் எனக்குத் தெரியும். அங்கே கொடியை வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். ஏப்ரலில் ஒன்று, அது கொடிக்குக் கிளை வளர்ப்பதற்காக. அக்டோபரில் இன்னொன்று, அது காய்ப்புக்காக. வைன் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கும். தம்பி சொல்லும் மே மாதத்தில் போனால் வெட்டிவிட்ட கொடியில் புதுத் துளிரைத்தான் பார்க்கலாம், ஒரு குலை இருக்காது. கோடையில் ஏரியும் இறங்கிவிடும். கரையில் வெடித்த சேறும் தலைக்கு மேல் வெயிலும் இருக்கும். பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது என்பதற்காகத் திராட்சை காத்திருக்குமா? ஜனவரி கடைசியில், குடியரசு தினத்தோடு சேர்த்துப் போகலாம் என்கிறேன். பிள்ளைகளுக்கு நான்கைந்து நாள் வகுப்பு போகும். போகட்டும். கத்தரிக்கோலுடன் தொழிலாளர்கள் வரிசையாகக் குனிந்து குலை வெட்டுவதைப் பார்த்தால் அந்த நான்கு நாள் வீணாகாது. குளிருக்கு மட்டும் தயாராகப் போக வேண்டும். நிபாடில் ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போகும். நம் கடற்கரை உடம்புக்கு அது பெரிய குளிர்.

அடுத்தது ஏரி. அம்மா பாகூரில் பிறந்தவர். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரிதான். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வர வேண்டும். பங்காரி, சிங்காரி என்று இரண்டு பெண்கள் தங்கள் பொருளைக் கொடுத்து வாய்க்கால் வெட்டிய கதையை இன்றும் ஊரில் சொல்வார்கள். வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று ஊரே கரையில் நின்றதை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஏரி என்றால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது மதகு, பிறகுதான் அழகு.

கங்காப்பூரும் அப்படித்தான். திரியம்பகத்தில் பிரம்மகிரி மலையில் பிறக்கும் கோதாவரி கொஞ்ச தூரம் ஓடியதுமே இந்த மண் அணையில் தேங்குகிறது. நாசிக் நகரம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். கீழே பைட்டணில் ஜாயக்வாடி அணை இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் மேலே இருக்கும் அணைகளிலிருந்து கீழே இருக்கும் மராத்வாடா பகுதிக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லி ஒரு பக்கமும், திறக்காதே என்று இன்னொரு பக்கமும் போராடுவார்கள். மேலே திறந்தால்தான் கீழே வயல் நனையும் என்பதை வீராணத்துக்காரர்களுக்கும் பாகூர்க்காரர்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட தண்ணீரின் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் பாட்டிலையும் போட்டுவிட்டு வருவது பாவம். கடுமையான சொல்தான், தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வைன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனும் அவன் நண்பர்களும் இதைக் குடிக்கப் போகும் பயணமாகவே நினைக்கிறார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. புதுச்சேரியில் 18 ஆனால் போதும், மகாராஷ்டிரத்தில் வைனுக்கு 21 ஆக வேண்டும். அவன் விஷயம் அதோடு முடிந்தது. பெரியவர்களைப் பற்றித்தான் என் கவலை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய்வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டுக்கறிக் குழம்போடு அரை கிளாஸ் சிவப்பு வைன். கிளாஸைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், அந்த அரை கிளாஸ் தீர ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாவது கிளாஸ் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. நாசிக்கில் சுலா வைன் ஆலை 1999-இல் தொடங்கப்பட்டது, அதன் பிறகு பல ஆலைகள் வந்துவிட்டன. அங்கெல்லாம் சுவைத்துப் பார்ப்பதற்கென்று சிறிய அளவில் ஊற்றித் தருகிறார்கள். சிவப்பு வைனுக்குத் தோலோடு ஊற வைப்பதையும், வெள்ளைக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுவதையும் நேரில் பார்க்கலாம். செனின் பிளாங்க் என்ற வெள்ளை வைனுக்கும் ஷிராஸ் என்ற சிவப்பு வைனுக்கும் என்ன வித்தியாசம் என்று நாக்கு தெரிந்துகொள்ள ஒரு மாலை போதும். போதைதான் வேண்டும் என்றால் ஒன்றரை நாள் ரயிலில் போக வேண்டாம், நம் ஊரில் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது.

படகில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிதவை அங்கி இல்லாத படகில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏறமாட்டார்கள். அணை ஏரியில் யாரும் குளிக்கவும் இறங்கக் கூடாது.

அம்மாவுக்காகப் பஞ்சவடியும் திரியம்பகமும் கட்டாயம் உண்டு. இரண்டையும் ஒரே பகலில், அவசரமில்லாமல். (2027-இல் அங்கே சிம்மஸ்த கும்பமேளா. குரு சிம்மத்துக்கு வரும் கணக்கு, நம் மகாமகத்துக்கும் அதே கணக்குதான். கூட்டம் தாங்காதவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.) ஒரு காலை நந்தூர் மத்மேசுவர் பறவைகள் சரணாலயம். ஊசுட்டேரியில் நாரையும் வாத்தும் பார்த்துப் பழகிய என் மகளுக்கு அது பெரிய ஆசை. மற்ற நேரமெல்லாம் ஏரிக்கரைதான். ஷீரடியும் எல்லோராவும் மும்பையும் இந்த முறை இல்லை. எல்லோரா ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரும் இடமா? அதற்குத் தனியாகப் போக வேண்டும்.

போன வருடம் ஒரு மலை ஊருக்குப் போனபோது நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வேனில் பதினேழு பேர், மூன்று நாளில் பதினொரு இடம். ஏரி வந்ததும் ஓட்டுநர் இருபது நிமிடம் என்றார். அம்மாவுக்கு முட்டி வலி, இறங்கி ஏறுவதற்கே பத்து நிமிடம் ஆகும். "நீங்கள் போய்வாருங்கள், நான் இங்கிருந்தே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது, வேன் கண்ணாடியில் படிந்திருந்த பனியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இன்னொரு வேன் நின்றுகொண்டிருந்தது.

இதைச் சொன்ன பிறகு தம்பி பட்டியலை எடுத்துவிட்டான். "சரிக்கா, ஜனவரியே போகலாம்" என்றான். புதுச்சேரியிலிருந்து தாதர் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் ஏறிக் கல்யாணில் இறங்கி, அங்கிருந்து நாசிக் ரோடுக்கு வேறு ரயில் பிடிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முன்பதிவு அறுபது நாள் முன்னால்தான் திறக்கும், ஆகவே நவம்பர் கடைசியில் டிக்கெட் எடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை.

தங்குமிடம்தான் பாக்கி. அணைக்கரைப் பக்கம் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: தரைத்தளத்திலேயே, படி ஏறாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் தெரிகிற அறை எங்கே கிடைக்கும்? நான்கு இரவுகளுக்கு வேண்டும்.